மலைமேல் தபாலாபீஸ்; மைசூரில் திருத்தம்

ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் ஏரியில் படகு விட்டுவிட்டு, அங்கிருந்து சுமார் 2 மைல் தூரத்தில் உள்ள கிளியூர் அருவியையும் எட்டிப் பார்த்துவிட்டு வருவது வழக்கம். சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழும் அருவி அது. மழைக்குப் பிறகு போனவர்கள் அதன் அழகைப் பற்றி ஊர் திரும்பிய பின்பும் பத்து நாள் பேசுவார்கள். சித்திரை வெயிலில் போனவர்களோ, வெறும் பாறையைப் பார்த்துவிட்டு, இறங்கிய படிகளை மூச்சு வாங்க ஏறி வந்த கதையைச் சொல்வார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். ஏற்காடு ஏரியில் மிஞ்சிய தண்ணீரும் சுற்றுவட்டாரத்து மழைத் தண்ணீரும் ஓடி வந்து விழுவதுதான் கிளியூர் அருவி. மேலே நிரம்பினால் கீழே விழும். மேலே குறைந்தால் கீழே பாறைதான்.

சேர்வராயன் மலையில் உள்ள தபாலாபீஸ்களும் பாங்கிக் கிளைகளும் இப்போது ஏறக்குறைய இந்த அருவியைப் போலத்தான் இருக்கின்றன. கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவின் கையில் பேரேடு இல்லை. கணக்கு, வட்டி, தபால் கட்டணம் எல்லாம் எங்கோ தூரத்தில் உள்ள பெரிய கம்ப்யூட்டர்களில் இருக்கின்றன. அங்கிருந்து வருவதை வைத்துக்கொண்டுதான் இங்கே காரியம் நடக்கிறது. கம்ப்யூட்டரை வேலை வாங்கும் கட்டளைத் தொகுதிக்கு 'சாப்ட்வேர்' என்று பெயர். அதில் அடிக்கடி செய்யப்படும் திருத்தத்துக்கு 'அப்டேட்' என்று பெயர். வீட்டில் உள்ள ஒரே ஒரு கம்ப்யூட்டரிலோ கைபேசியிலோ இந்தத் திருத்தத்தைச் செய்வது சிறு பிள்ளை வேலை. அதையே 1,65,000 ஆபீஸ்களில், ஒருவருடைய ஒரு ரூபாயும் தவறிப் போகாமல் செய்ய வேண்டுமென்றால்?

செய்து பார்த்திருக்கிறது இந்தியத் தபால் இலாகா. 2025-ம் வருஷம் அது நடந்த விதம் சுவாரஸ்யமானது. அதில் நல்லதும் உண்டு, அல்லாததும் உண்டு.

பசையும் பிரஷும்

அப்டேட் என்பது ஏதோ அமெரிக்காவிலிருந்து வந்த புது விஷயம் என்று பலர் எண்ணுகிறார்கள். தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். இலாகாவின் சட்டதிட்டங்கள் எல்லாம் கனமான பல புத்தகங்களாக அச்சாகி ஒவ்வொரு ஆபீஸிலும் இருக்கும். ஒரு விதி மாறினால் புத்தகத்தை மறுபடி அச்சடிக்க முடியுமா? அதற்காகத் 'திருத்தச் சீட்டு' என்று ஒன்று வரும். குமாஸ்தா அதைக் கத்தரித்து, பசை தடவி, உரிய பக்கத்தில் உரிய வரியின்மேல் ஒட்ட வேண்டும். சீட்டுக்கு நம்பர் உண்டு. 14-ம் நம்பர் வந்து 15-ம் நம்பர் வராமல் 16-ம் நம்பர் வந்தால், நடுவில் ஒன்று தவறியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். மேலதிகாரி சோதனைக்கு வந்தால் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பார். ஒட்டாத சீட்டு மேஜை இழுப்பறையில் அகப்பட்டால் விளக்கம் கேட்பார்.

இன்றைக்கு ஆயிரம் கிளைகள் உள்ள எந்த ஸ்தாபனத்திலும் சாப்ட்வேர் திருத்தத்தைக் கவனிப்பவர் செய்கிற வேலை இதுவேதான். எந்தக் கிளைக்கு எந்த நம்பர் திருத்தம் போயிற்று, போனது ஒட்டப்பட்டதா, சரியான இடத்தில் ஒட்டப்பட்டதா, நடுவில் எதுவும் தவறியதா? பசையும் பிரஷும்தான் இல்லை. முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. திருத்தச் சீட்டு ஒட்டாத ஆபீஸில் கட்டணத்தில் சில காசு தவறும், பிறகு சரி செய்துகொள்ளலாம். சாப்ட்வேர் திருத்தம் ஒட்டாத ஆபீஸில் திருடன் நுழைய வழி திறந்திருக்கும்.

அந்த வழி எப்படிப்பட்டது என்று 2017-ல் உலகம் பார்த்தது. அந்த வருஷம் மார்ச் 14-ந் தேதி மைக்ரோஸாப்ட் கம்பெனி தன் விண்டோஸ் சாப்ட்வேரில் இருந்த ஓர் ஓட்டையை அடைக்கத் திருத்தம் வெளியிட்டது. இலவசம்தான், வாங்கி ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. மே 12-ந் தேதி 'வான்னாக்ரை' என்ற நச்சு நிரல் அதே ஓட்டை வழியாகப் புகுந்தது. கம்ப்யூட்டரில் உள்ளதையெல்லாம் பூட்டு போட்டுவிட்டுப் பணம் கொடுத்தால்தான் திறப்பேன் என்றது. சுமார் 150 தேசங்களில் 2 லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்கள் அகப்பட்டுக்கொண்டன. இங்கிலாந்தில் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் வைத்தியம் தள்ளிப்போயிற்று. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் சில கம்ப்யூட்டர்களைக்கூட அது விட்டு வைக்கவில்லை. மார்ச் 14-க்கும் மே 12-க்கும் இடையில் முழுசாக 59 நாள் இருந்தன. சீட்டு வந்துவிட்டது, ஒட்டத்தான் இல்லை.

கிளைக்கும் கிளையான ஆபீஸ்

தபால் இலாகாவின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் இந்த வேலையின் கஷ்டம் விளங்கும். தலைமைத் தபாலாபீஸ், அதற்குக் கீழே துணைத் தபாலாபீஸ், அதற்கும் கீழே கிளைத் தபாலாபீஸ். இப்படி மூன்று படி. கடைசிப் படியான கிளைகள்தான் எண்ணிக்கையில் மிக அதிகம். 2017-ல் நாடு முழுவதும் சுமார் 1,29,000 இருந்தன. கிளை என்றால் பெரிய கட்டடம் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். ஆபீஸுக்கு இடம் கொடுக்க வேண்டிய பொறுப்பும் அங்கே வேலை பார்க்கும் கிராமியத் தபால் ஊழியருடையதே. பல இடங்களில் அவர் வீட்டு முன்னறையில் ஒரு மேஜை, ஒரு தராசு, ஒரு முத்திரை, ஒரு பூட்டுப் பெட்டி, அவ்வளவுதான் ஆபீஸ். தினம் நாலு அல்லது ஐந்து மணி நேர வேலை.

இப்படிப்பட்ட கிளைகளுக்கெல்லாம் கையடக்க யந்திரம் கொடுத்து, அதைத் தொலைபேசி அலை மூலம் தலைமைக் கம்ப்யூட்டரோடு இணைப்பது என்று 'தர்ப்பண்' என்ற திட்டம் 2017 டிசம்பரில் துவக்கப்பட்டது. ஒதுக்கிய பணம் 1,400 கோடி ரூபாய். அது நல்ல காரியம்தான். அன்று முதல் கடைசிப் படியில் இருந்த ஆபீஸும் சாப்ட்வேர் திருத்தத்துக்கு ஆளாயிற்று.

மலை நாட்டில் இது எவ்வளவு சிக்கல் என்பது சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பஸ்ஸில் ஏறி வருகிறவர்களுக்குத் தானே விளங்கும். ஒரு வளைவில் கைபேசி பேசும், அடுத்த வளைவில் ஊமையாகிவிடும். காப்பித் தோட்டங்களுக்கும் சில்வர் ஓக் மரங்களுக்கும் நடுவே ஒளிந்திருக்கும் குக்கிராமங்களில், யந்திரத்தைத் தூக்கிக்கொண்டு அலை அகப்படும் மேடான இடம் தேடிப் போவதும் உண்டு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றுபோயிற்று. அப்படிப்பட்ட நாளில் ஒரு கம்ப்யூட்டர் மக்கர் செய்தால், பழுது பார்க்க ஆள் எங்கிருந்து வருவது?

தகட்டைச் சுமந்தவர்கள்

தபாலாபீஸ்களில் முதல் முதலில் கம்ப்யூட்டர் வந்த காலத்தில், ஒவ்வோர் ஆபீஸும் தனித் தீவு. கவுண்டர் வேலைக்கு 'மேகதூத்' என்ற சாப்ட்வேர். இலாகாவின் மைசூர்ப் பயிற்சி நிலையத்தில் உருவானது அது. சேமிப்பு பாங்க் வேலைக்கு 'சஞ்சய் போஸ்ட்' என்று வேறொன்று. கணக்குகள் எல்லாம் அந்தந்த ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருந்தன. திருத்தம் வந்தால் அங்கங்கே தனித்தனியே செய்ய வேண்டும்.

செய்தது யார்? அதற்கென்று எஞ்சினியர்கள் நியமிக்கப்பட்டார்கள் என்று எண்ணினால் தவறு. குமாஸ்தாக்களில் கம்ப்யூட்டரில் நாட்டம் உள்ளவராகப் பார்த்து, 'சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று பெயர் வைத்து அந்த வேலையை ஒப்படைத்தார்கள். முந்தின நாள் வரை மணியார்டர் எழுதியவர் அடுத்த நாள் தகட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். ஓர் ஊரில் இறங்கி, கவுண்டர் மூடும்வரை காத்திருந்து, முதலில் பழைய கணக்கை நகல் எடுத்து வைத்து, பிறகு புதிய பதிப்பை ஏற்றி, ஒரு பரீட்சைக் கணக்கு போட்டுப் பார்த்துவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார். பிடிக்க முடியாமல் போனால் அந்த ஆபீஸ் பெஞ்சிலேயே படுக்கை. ஒரு கோட்டத்தில் உள்ள எல்லா ஆபீஸ்களையும் சுற்றி முடிப்பதற்குள் அடுத்த திருத்தம் வந்துவிடும். அதனால் ஓர் ஆபீஸில் புதிய பதிப்பும் பக்கத்து ஆபீஸில் பழைய பதிப்புமாக ஓடிக்கொண்டிருந்த நாட்கள் உண்டு. இந்த மனிதர்களைப் பற்றி யாரும் புத்தகம் எழுதவில்லை. எழுத வேண்டும்.

இந்தத் தீவுகளை ஒன்றாக இணைக்கும் வேலை 2013 டிசம்பரில் சென்னை கிரீம்ஸ் ரோடு தபாலாபீஸில் ஆரம்பமாயிற்று. அங்கே கட்டிய பணத்தை இணைப்புள்ள வேறு தபாலாபீஸிலும் எடுக்கலாம் என்ற ஏற்பாடு நாட்டிலேயே முதலில் வந்தது அங்கேதான். 2014 பிப்ரவரி 27-ந் தேதி தியாகராய நகரில் தபால் இலாகாவின் முதல் ஏ.டி.எம். திறக்கப்பட்டது. கணக்குகள் ஒரே இடத்துக்குப் போய்விட்டதால் வட்டி விகிதத்தை மாற்றுவது போன்ற வேலைகள் சுலபமாயின. 2016 ஏப்ரல் முதல் சிறுசேமிப்பு வட்டி மூன்று மாதத்துக்கு ஒரு முறை பரிசீலிக்கப்படுகிறது அல்லவா? தகட்டைச் சுமந்த காலமாக இருந்தால் வருஷத்துக்கு நாலு தடவை எல்லா மலையும் ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

ஆனால் கவுண்டரில் உள்ள கம்ப்யூட்டர்கள் கவுண்டரிலேயேதான் இருந்தன. அவற்றின் விண்டோஸ், அச்சு யந்திரத்தை ஓட்டும் நிரல், நச்சு நிரலைப் பிடிக்கும் காவல் நிரல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் திருத்தம் வந்துகொண்டே இருந்தது. மைக்ரோஸாப்ட் 2003-ம் வருஷத்திலிருந்து மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமையைத் திருத்த நாளாக வைத்திருக்கிறது. இந்திய நேரப்படி அன்று இரவு பத்தரை, பதினொன்றரை வாக்கில் அது வெளியாகும். புதன்கிழமை காலை ஆபீஸ் திறக்கும்போது சில கம்ப்யூட்டர்கள் ஏன் அசைந்து கொடுக்கமாட்டேன் என்கின்றன என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு சின்னக் கணக்கு

ஒரு சிறிய கிளையில் 5 கம்ப்யூட்டர்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வந்திருக்கும் திருத்தத்தின் அளவு 500 மெகாபைட். கிளைக்கு உள்ள இணைப்பின் வேகம் வினாடிக்கு 2 மெகாபிட். ஒரு பைட் என்பது 8 பிட். ஆகவே 500 மெகாபைட் வந்து சேர 2,000 வினாடி, அதாவது 33 நிமிஷத்துக்கு மேல் ஆகும். ஐந்து கம்ப்யூட்டரும் தனித்தனியே வாங்கினால் 2 மணி 46 நிமிஷம். அவ்வளவு நேரமும் அந்த ஒரே இணைப்பில்தான் ஜனங்களின் பண வரவு செலவும் போக வேண்டும். காலைக் கூட்ட நேரத்தில் இது நடந்தால் என்ன ஆகும்? குழாயடியில் ஒரே வீட்டுக்காரர் 5 அண்டாவைக் கொண்டுவந்து வைத்த கதைதான்.

விஷயம் தெரிந்தவர்கள் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். ஒரே ஒரு கம்ப்யூட்டர் மட்டும் வெளியிலிருந்து திருத்தத்தை வாங்கிக்கொள்ளும். மற்ற நாலும் அதனிடமிருந்து உள்ளுக்குள்ளேயே நகல் எடுத்துக்கொள்ளும். 2 மணி 46 நிமிஷம் 33 நிமிஷமாகக் குறைந்துவிடும். அதையும் பகலில் செய்யாமல் இரவில், மெதுவாக, மற்ற வேலைக்கு வழி விட்டு இறக்கிக்கொள்ளும்படி ஏற்பாடு செய்யலாம்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. இரவில் திருத்தம் வர வேண்டுமென்றால் கம்ப்யூட்டர் விழித்திருக்க வேண்டும். மலை ஆபீஸ்களில் மாலையில் கதவைப் பூட்டுமுன் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவது நல்ல சிப்பந்திக்கு அழகு. இடி மின்னல் அதிகமான பிரதேசம். அணைக்காமல் போய் யந்திரம் எரிந்துபோனால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். தலைமை ஆபீஸில் உள்ளவர் 'இரவில் அணைக்காதீர்கள்' என்று சுற்றறிக்கை அனுப்புகிறார். கிளையில் உள்ளவர் கருமேகத்தைப் பார்க்கிறார், சுவிட்சைப் பார்க்கிறார், அணைக்கிறார். அவர் செய்தது தவறு என்று சொல்லிவிட முடியுமா? மலைக்கு மலை, கிளைக்குக் கிளை நேரத்தை மாற்றி வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். பகல் உணவு இடைவேளையில் பாதி, மறுநாள் பாதி என்று பிரித்து அனுப்புவதற்கும் இப்போது வசதி இருக்கிறது.

அவசரமும் ஆபத்துதான்

சீக்கிரம் ஒட்டாததால் வந்த கேட்டை வான்னாக்ரை காட்டியது. எல்லாருக்கும் ஒரே சமயத்தில் ஒட்டியதால் வந்த கேட்டை 2024 ஜூலை 19-ந் தேதி உலகம் பார்த்தது. கிரௌட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்கக் கம்பெனி கம்ப்யூட்டர்களுக்குக் காவல் நிரல் கொடுக்கும் கம்பெனி. அன்று இந்திய நேரப்படி காலை 9-39க்கு அது ஒரு திருத்தத்தை அனுப்பியது. 21 விவரங்களை எதிர்பார்க்கும் திருத்தம். உள்ளே இருந்த நிரலோ 20 விவரங்களைத்தான் கொடுத்தது. இல்லாத 21-வதைத் தேடப் போன கம்ப்யூட்டர்கள் நீலத் திரையைக் காட்டிப் படுத்துக்கொண்டன. தவறு தெரிந்து 78 நிமிஷத்தில் திருத்தத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் விழுந்துவிட்டன. இந்தியாவில் சில விமான நிலையங்களில் பிரயாணிகளுக்குக் கையால் எழுதிய அனுமதிச் சீட்டு கொடுத்தார்கள். 10 பாங்கிகளுக்கும் நிதி ஸ்தாபனங்களுக்கும் சிறு இடைஞ்சல் ஏற்பட்டதாக ரிசர்வ் பாங்கு தெரிவித்தது.

78 நிமிஷத்தில் திரும்ப வாங்கிய திருத்தத்தைச் சரி செய்யப் பல நாட்கள் ஏன் ஆயின? விழுந்த கம்ப்யூட்டர் எழுந்திருக்காது. எழுந்திருக்காததற்குத் தூரத்திலிருந்து மருந்து அனுப்ப முடியாது. பெரும்பாலான இடங்களில் ஓர் ஆள் நேரில் போய் அதன் முன் உட்கார்ந்து, பாதுகாப்பு முறையில் துவக்கி, ஒரு குறிப்பிட்ட பைலை அழித்துவிட்டு வர வேண்டியிருந்தது. நகரத்தில் மாடிப்படி ஏறினால் போதும். மலைக் கிளைக்கு 20 வளைவு ஏற வேண்டும். அந்த 78 நிமிஷத்தில் அணைந்து கிடந்த கம்ப்யூட்டர்கள் மட்டும் தப்பித்துக்கொண்டன. மெயின் சுவிட்சை அணைத்தவர்கள் அன்றைக்குக் கெட்டிக்காரர்கள்!

நேரில் போவது என்றால் என்ன என்பதை நம் ஜனங்கள் 2016 நவம்பரில் ரொம்ப நன்றாக அனுபவித்திருக்கிறார்கள். 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று 8-ந் தேதி இரவு அறிவிப்பு வந்தது. புதிய 2,000 ரூபாய் நோட்டு அளவில் வேறு. நாட்டில் இருந்த 2 லட்சத்துக்கு மேற்பட்ட ஏ.டி.எம். யந்திரங்களுக்குள் பணம் வைக்கும் பெட்டியையும் நிரலையும் மாற்றினால்தான் அது வெளியே வரும். இதற்காக ரிசர்வ் பாங்கு 14-ந் தேதி தனிக் குழுவே போட்டது. எஞ்சினியர் ஒவ்வொரு யந்திரத்துக்கும் நடக்க வேண்டியிருந்தது. அவர் வரும்வரை ஜனங்கள் வெயிலில் நின்றார்கள்.

மற்றொரு திருத்தம் இதற்கு நேர்மாறாக நிதானமாக நடந்தது. பல ஏ.டி.எம்.களில் இருந்த விண்டோஸ் எக்ஸ்பி என்ற பழைய பதிப்புக்கு 2014 ஏப்ரல் 8-ந் தேதியோடு பொதுவான ஆதரவை மைக்ரோஸாப்ட் நிறுத்திவிட்டது. அதன் பிறகும் அவற்றை வைத்துக்கொண்டிருந்த பாங்கிகளுக்கு, 2018 ஜூன் 21-ந் தேதி ரிசர்வ் பாங்கு கெடு வைத்தது. செப்டம்பருக்குள் கால் பங்கு, டிசம்பருக்குள் பாதி, 2019 மார்ச்சுக்குள் முக்கால், ஜூனுக்குள் முழுவதும் மாற்ற வேண்டும் என்று படிப்படியாகச் சொன்னது. நாலு வருஷத் தூக்கத்துக்குப் பிறகு வந்த கெடு என்று குறை சொல்லலாம். ஆனால் கெடு வைத்த விதம் சரியானது.

மைசூரிலிருந்து மலைக்கு

தபால் இலாகாவும் படிப்படியாகத்தான் போயிற்று. பழைய ஏற்பாட்டை மாற்றி, இலாகாவின் சொந்த ஆட்களே மைசூர்த் தொழில்நுட்ப மையத்தில் எழுதிய புதிய சாப்ட்வேருக்கு ஏ.பி.டி. என்று பெயர். குமாஸ்தாக்கள் எழுதி, குமாஸ்தாக்கள் ஊர் ஊராகச் சுமந்த மேகதூத்தின் வழிவந்தது என்றே சொல்லலாம். காளிதாசனின் மேகம் தூது சுமந்தது. இந்தப் புதிய சாப்ட்வேர் இருப்பதும் மேகத்தில்தான். சர்க்காரின் பொதுக் கம்ப்யூட்டர் கிடங்கை 'மேகராஜ்' என்று அழைக்கிறார்கள்.

முதலில் மைசூர், பாகல்கோட்டை தலைமைத் தபாலாபீஸ்களிலும் அவற்றின் கீழுள்ள ஆபீஸ்களிலும் சோதித்தார்கள். 2025 மே, ஜூன் மாதங்களில் கர்நாடகம் முழுவதும் சோதனை. அங்கே வெளிப்பட்ட கோளாறுகளைச் சரி செய்துகொண்டு மற்ற வட்டங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். மாற்றும் நாளில் கவுண்டரை மூடுவது என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். டில்லியில் பல ஆபீஸ்களுக்கு ஜூலை 21-ந் தேதி அப்படி விடுப்பு. 4.6 லட்சம் சிப்பந்திகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஆகஸ்டு 4-ந் தேதி நாடு முழுவதும் முடிந்தது. ஒரே நாளில் 32 லட்சம் தபால்களைப் பதிவு செய்து, 37 லட்சம் தபால்களைப் பட்டுவாடா செய்ததாக இலாகா பெருமையோடு தெரிவித்தது.

பெருமைக்குரியதுதான். ஆனால் அந்த வாரத்தில் பல ஊர்களில் கவுண்டருக்கு முன்னால் நின்றவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். கம்ப்யூட்டர் மெள்ள நகர்ந்தது. வரிசை வாசல்வரை நீண்டது. ஆகஸ்டு 9-ந் தேதி ரக்ஷா பந்தன். வடக்கே சகோதரர்களுக்கு ராக்கி அனுப்ப வந்த பெண்கள் கவருடன் காத்துக் கிடந்தார்கள். பண்டிகைக்கு முந்தின வாரத்தைத் தவிர்த்திருக்கலாம். சாப்ட்வேர் எழுதுகிறவர் மேஜையில் பஞ்சாங்கமும் இருக்க வேண்டும்.

'சர்வர் இல்லை' என்ற வார்த்தை இப்போது தமிழாகவே ஆகிவிட்டது. நகரத்தில் இருப்பவர் அதைக் கேட்டால் சலித்துக்கொண்டு அடுத்த நாள் வருவார். மலையில் அப்படியல்ல. தோட்டத்துக் கூலி வேலையை ஒரு நாள் விட்டுவிட்டு, பஸ்ஸுக்குக் காத்திருந்து, பேத்தியின் செல்வமகள் சேமிப்புக் கணக்கில் கட்ட 250 ரூபாயை முந்தானையில் முடிந்துகொண்டு வரும் பாட்டிக்கு, அந்த ஒரு வார்த்தையின் விலை ஒரு நாள் கூலி.

"தம்பி, இன்னைக்காவது கட்டலாமா?"

"மெஷினு அப்டேட் ஆவுதுங்க பாட்டி. செத்த உக்காருங்க, பாப்போம்."

"போன வாரமும் இதத்தானப்பா சொன்னே?"

தபால்காரர் என்ன பதில் சொல்வார்? அவர் கையில் உள்ள யந்திரத்தில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த வட்டம் எங்கே நிற்கும் என்று அவருக்கும் தெரியாது. மைசூரில் இருப்பவருக்கு, அங்கே ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பது தெரியாது. கிளையில் இருப்பவர் கூப்பிட்டுச் சொன்னால் எடுத்துக் கேட்க ஓர் ஆள் இருந்தால் பாதிக் கஷ்டம் தீரும் என்பது சிப்பந்திகள் பலரின் அபிப்பிராயம்.

மீதி இரண்டு சதவிகிதம்

திருத்தம் அனுப்பிய பிறகு தலைமை ஆபீஸுக்கு அறிக்கை வரும். 'நூற்றுக்கு 98 முடிந்தது' என்று அதில் இருந்தால் அதிகாரிகள் கைகுலுக்கிக்கொள்வார்கள். பரீட்சையில் 98 வாங்கிய பையனுக்குப் பரிசு கொடுக்கலாம். ஆனால் 1,65,000 ஆபீஸில் 2 சதவிகிதம் என்பது 3,300 ஆபீஸ். அந்த 3,300 எங்கே இருக்கும்? அண்ணா சாலையிலா இருக்கும்? சேர்வராயன் மலை, கொல்லிமலை, கல்வராயன் மலை போன்ற இடங்களில்தான் பெரும்பாலும் இருக்கும். அலை எட்டாதவை, மின்சாரம் போனவை, பழைய யந்திரத்தை மாற்றித் தராமல் விட்டவை. திருடனுக்கும் அந்த 3,300-ல் ஒன்று போதும்.

ஆகையால், அனுபவசாலிகள் முடிந்த 98-ஐப் பார்ப்பதில்லை. மீதி இரண்டின் ஜாபிதாவைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஒவ்வொன்றின் பெயர், ஏன் முடியவில்லை என்ற காரணம், யார் போகப் போகிறார்கள், எப்போது. ஒரே கம்ப்யூட்டர் மூன்று மாதம் தொடர்ந்து அந்த ஜாபிதாவில் வந்தால் அது திருத்தத்தின் கோளாறு அல்ல. யந்திரம் கிழமாகிவிட்டது என்று அர்த்தம். விண்டோஸ் 10 பதிப்புக்கு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு இலவசத் திருத்தங்கள் பொதுவாக நிறுத்தப்பட்டன. அதற்கடுத்த பதிப்பைப் பல பழைய யந்திரங்கள் தாங்கா. எனவே சாப்ட்வேர் பிரச்சினை ஒன்று, புது யந்திரம் வாங்கப் பணம் எங்கே என்ற பிரச்சினையாக மாறி நிற்கிறது.

வாசகர்களுக்கு

கவுண்டருக்குப் போகும்போது திருத்தம் நடந்துகொண்டிருந்தால், 'பணத்தை வைத்துவிட்டுப் போங்கள், அப்புறம் ஏற்றிக்கொள்கிறேன்' என்று சொல்லக் கேட்டு, எவ்வளவு நம்பிக்கையான மனிதராக இருந்தாலும், ரசீது இல்லாமல் வந்துவிட வேண்டாம். அது அவருக்கும் நல்லதல்ல. பாஸ் புத்தகத்தில் பதிவாகும் வரை காத்திருக்க முடியாவிட்டால் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு வருவதே மேல். கடைசித் தேதி உள்ள தவணைகளை மாதக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளாமல் நாலு நாள் முன்னதாகக் கட்டிவிட்டால், அப்டேட் வந்தாலும் மண் சரிந்தாலும் கவலையில்லை.

இன்னொன்று. இந்த 'அப்டேட்' என்ற வார்த்தையை வைத்தே மோசடிக்காரர்கள் பிழைக்கிறார்கள். 'உங்கள் கணக்கை அப்டேட் செய்யாவிட்டால் இன்றிரவு முடங்கிவிடும்', 'உங்கள் பார்சல் நிற்கிறது, விலாசத்தை அப்டேட் செய்யுங்கள்' என்று கைபேசியில் செய்தி வரும். கூடவே தொட வேண்டிய ஓர் இணைப்பும் இருக்கும். தபாலாபீஸின் அப்டேட் தபாலாபீஸ் யந்திரத்துக்கு வரும். வீட்டில் இருக்கும் பாட்டியின் கைபேசிக்கு வராது. ரகசிய எண்ணைக் கேட்டு எந்தத் தபால்காரரும் போன் செய்யமாட்டார். ஏமாந்து பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் மறைத்து வைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்குக்குத் தாவிக்கொண்டே போகும். நடுவழியில் நிறுத்தி வைக்க முதல் சில மணி நேரந்தான் அவகாசம்.